பெயருக்குள் நுழையும் கட்டளை

ஒரு சொல்லின் தகுதி, அது யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. “கதவைத் திற” என்று வீட்டுக்காரர் சொன்னால் அது கட்டளை. அதே இரு சொற்களை முன்பின் அறியாத ஒருவன் கடிதத்தில் எழுதி அனுப்பினால் அது வெறும் செய்தி. படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடலாம். இந்த வேறுபாட்டைச் சிறு குழந்தையும் அறியும். ஆனால் நம் குடும்பங்களின் அந்தரங்கங்களையெல்லாம் இன்று நாம் ஒப்படைத்து வைத்திருக்கும் இணையதளங்களுள் பல, இந்த எளிய வேறுபாட்டை அறியாதபடியே கட்டப்பட்டிருக்கின்றன. இதனை நான் அறிந்துகொண்ட விதத்தையும், இதற்குரிய பரிகாரத்தையும் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கணிப்பொறி பயின்றவன் அல்லன். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, அதன்பின் மதரஸாவில் ஓதி, 17 ஆண்டுகளாக நஹ்வு எனப்படும் அரபி இலக்கணத்தைக் கற்பித்து வருபவன். ஆயினும் எங்கள் மதரஸாவின் சேர்க்கைப் பதிவேட்டைக் கவனிக்கும் பொறுப்பும் என்னிடம் இருப்பதால், இந்த விஷயம் என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

முன்பெல்லாம் பதிவேடு என்பது பச்சை அட்டை போட்ட நீளமான நோட்டு. அது இரும்பு பீரோவுக்குள் இருக்கும். சாவி செயலாளரிடம் இருக்கும். திருட வருகிறவன் சுவர் ஏறிக் குதித்து, பூட்டை உடைத்தாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அறக்கட்டளை ஓர் இணையதளத்தை அமைத்தது. மாணவர் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, விதவைகளுக்கான மாதாந்தர உதவி ஆகிய அனைத்திற்கும் அதன் வழியாகவே விண்ணப்பிக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. வெளியூர்களிலிருந்து பேருந்து ஏறி வந்து வரிசையில் நின்ற தாய்மார்களுக்கு அது பெரிய வசதியாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்த விண்ணப்பத்தில் என்னவெல்லாம் கேட்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தாயின் கைப்பேசி எண், குடும்ப வருமானம், வங்கிக் கணக்கு எண், வீட்டில் நோயாளிகள் உண்டா, கடன் உண்டா, உதவி கோருவதற்கான காரணம் என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேராக எழுதப்படும் வரிகளை வாசிக்கும்போது பலமுறை என் கை நடுங்கியிருக்கிறது. அயலாரிடம் மட்டுமன்றி, சொந்தத் தாய் தந்தையரிடமும் சொல்லாதவற்றைச் சிலர் அதில் எழுதுகிறார்கள். அவை எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

2019ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து சேர்க்கை தொடங்கிய வாரத்தில், ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்தார். “ஹஜ்ரத், பையன் பெயரை எழுதி அனுப்பினால் பக்கம் முழுக்க இங்கிலீஷில் ஏதோ பிழை என்று வருகிறது. தம்பி பெயரைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. இவன் பெயருக்கு மட்டும்தான் அப்படி வருகிறது” என்றார். பையனின் பெயர் மஸ்ஊத்.

காரணம் பிடிபடச் சற்று நேரமாயிற்று. மஸ்ஊத் என்னும் பெயரின் நடுவே ‘ஐன்’ என்னும் அரபி எழுத்து இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குரிய எழுத்து இல்லாமையால், அந்த இடத்தில் மேலே ஒரு சிறு ஒற்றைக் குறியை இட்டு எழுதுவது கற்றோர் வழக்கம். பள்ளிச் சான்றிதழிலும் அப்படியே இருந்ததால் தந்தையாரும் அதே குறியுடன் எழுதியிருக்கிறார். அந்தச் சிறு குறிதான் தளத்தைத் தடுமாறச் செய்திருக்கிறது. திரையில் வந்த ஆங்கில வாசகத்தின் பொருள், ‘உங்கள் எஸ்.க்யூ.எல். வாக்கிய அமைப்பில் பிழை இருக்கிறது’ என்பது. ஒரு பிள்ளையின் பெயரில் வாக்கிய அமைப்பு எங்கிருந்து வந்தது? இலக்கணம் சொல்லிக் கொடுப்பவனுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்குமா?

என்னிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர், பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “ஹஜ்ரத், இது பெயரில் உள்ள பிழை அல்ல. பீரோவின் பூட்டு வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பையன் தெரியாமல் கை வைத்தான், ஆடிவிட்டது. தெரிந்தவன் கை வைத்தால் திறந்துவிடும்” என்றார். பிறகு அவர் எனக்கு விளக்கியதை, என் சொற்களில் தருகிறேன்.

இணையதளத்தின் பின்னால் தரவுத்தளம் என்னும் ஏட்டறை ஒன்று இருக்கிறது. விண்ணப்பங்கள் யாவும் அட்டவணை அட்டவணையாக அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஏட்டறைக்குக் கட்டளையிடும் மொழிக்கே எஸ்.க்யூ.எல். என்று பெயர். 1974ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்களான டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டனர். ‘எடு’, ‘சேர்’, ‘மாற்று’, ‘அழி’ என்பன போன்ற எளிய ஆங்கிலச் சொற்களால் ஆன மொழி அது.

ஏட்டறையில் ஒரு காவலர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிகுந்த கீழ்ப்படிதல் உள்ளவர். ஆனால் சுயமாக எதையும் சிந்திக்க மாட்டார். அலுவலக எழுத்தர் அனுப்பும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே செய்வார். எழுத்தரிடம் முன்னரே அச்சிட்ட தாள் ஒன்று இருக்கிறது. அதில், ‘.......... என்னும் மாணவரின் ஏட்டைக் கொடு’ என்று இருக்கிறது. வாசலில் வந்து நிற்பவர் சொல்லும் பெயரை எழுத்தர் அந்தக் கோடிட்ட இடத்தில் எழுதி, தாளைக் காவலரிடம் அனுப்புவார். வந்தவர் ‘அஹ்மத்’ என்று சொன்னால், ‘அஹ்மத் என்னும் மாணவரின் ஏட்டைக் கொடு’ என்று தாள் நிறைவு பெறும். இதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது வஞ்சகன் ஒருவன் வருகிறான். பெயரைச் சொல்லுங்கள் என்றால் அவன் சொல்வது இது: ‘அஹ்மத் என்னும் மாணவரின் ஏட்டைக் கொடு, பிறகு மற்றெல்லா ஏடுகளையும் கொடு, கடைசியாக மஹ்மூத்’. எழுத்தர் அதையும் கோடிட்ட இடத்தில் அப்படியே எழுதிவிடுகிறார். காவலரின் கைக்குப் போகும் தாளில் இருப்பதைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள்: ‘அஹ்மத் என்னும் மாணவரின் ஏட்டைக் கொடு, பிறகு மற்றெல்லா ஏடுகளையும் கொடு, கடைசியாக மஹ்மூத் என்னும் மாணவரின் ஏட்டைக் கொடு’. வாக்கியத்தில் எந்தப் பிழையும் இல்லை. எது எழுத்தரின் சொல், எது வாசலில் நிற்பவனின் சொல் என்று காவலருக்குத் தெரிய வழியே இல்லை. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே தாள். அவர் ஏடுகள் அனைத்தையும் அள்ளிக் கொடுத்துவிடுவார். கொடு என்பதற்குப் பதிலாக அழி என்று எழுதியிருந்தால் அழித்தும் விடுவார்.

இதற்குத்தான் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் என்று பெயர். ஊசி வழியாக உடலுக்குள் மருந்தைச் செலுத்துவதுபோல், விண்ணப்பத்தின் கட்டம் வழியாக அந்நியக் கட்டளையை உள்ளே செலுத்துவது. அந்த மொழியில் ஒரு பெயர் இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று காட்டுவதற்கு ஒற்றைக் குறியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மஸ்ஊதின் பெயர் நடுவே அக்குறி வந்ததும், பெயர் அத்தோடு முடிந்துவிட்டது என்று ஏட்டறை கருதிக்கொண்டது. எஞ்சிய எழுத்துகளைக் கட்டளை என்று எண்ணி வாசிக்க முயன்று, பொருள் விளங்காமல் பிழை என்றது. ஓ’பிரையன், ஓ’கானர் போன்ற ஐரிஷ் பெயர்களாலும் இதே தொல்லை நேர்வதுண்டு என்று மாணவர் சொன்னார். பெயர் முடிவதற்கான குறியை வெளியே நிற்பவரே இட முடியுமானால், அதற்குப் பின் கட்டளையையும் அவரே இடலாம் என்பது விளங்கிவிட்டது.

தளத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனத்திடம் இதனைத் தெரிவித்தோம். இரண்டே நாளில் பதில் வந்தது. இனிமேல் பெயர்களில் அந்த ஒற்றைக் குறி வந்தால் தளமே அதனை நீக்கிவிடும். பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். மஸ்ஊதின் விண்ணப்பமும் உள்ளே சென்றுவிட்டது, ஐன் இல்லாமல்.

அவனுடைய தந்தையார் இதனை ஏற்கவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மஸ்ஊத் என்றால் நற்பேறு பெற்றவன் என்று பொருள். அரபியில் அச்சொல்லிலிருந்து ஐன் எழுத்தை எடுத்துவிட்டால், எஞ்சிய எழுத்துகளைக் ‘கறுப்பாக்கப்பட்டது’ என்று பொருள்படும் வேறொரு சொல்லாக வாசிக்க இடமுண்டு. “பூட்டு சரியில்லை என்பதற்காக என் பிள்ளையின் பெயரை வெட்டுவீர்களா?” என்று அவர் கேட்டபோது, கமிட்டியில் எவரிடமும் பதில் இல்லை.

பெயரை வெட்டியதனால் பூட்டாவது சரியாயிற்றா என்றால், அதுவும் இல்லை. என் மாணவர் கமிட்டிக் கூட்டத்திற்கே வந்தார். சோதித்துக் காட்டுவதற்கு முன் செயலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கினார். தளத்தின் நகல் ஒன்றைத் தம் கணிப்பொறியில் வைத்தே சோதித்தார். பிறருடைய தளத்தில் அனுமதியின்றி இப்படிச் செய்வது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம் என்பதை இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தின் நிலையை அறிவதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் விண்ணப்ப எண்ணை எழுத வேண்டும். அவர் 25 என்று எழுதினார்; அதன் பக்கத்தில், ‘அல்லது 1 = 1’ என்று பொருள்படும் சிறு தொடரை ஆங்கிலத்தில் சேர்த்தார். ஒற்றைக் குறி எதுவும் அதில் இல்லை. எண்களுக்கு அக்குறி தேவையும் இல்லை. ஏட்டறைக்குப் போன கட்டளை, ‘எண் 25ஆக இருக்கும், அல்லது 1ம் 1ம் சமமாக இருக்கும் விண்ணப்பங்களைக் காட்டு’ என்பது. 1ம் 1ம் எப்போதுமே சமம் அல்லவா? அதுவரை வந்திருந்த எல்லா விண்ணப்பங்களும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின.

ஓடிய வரிகளில் ஒன்று என் கண்ணில் பட்டது. தம் கணவர் விட்டுச் சென்ற விவரத்தை ஒரு தாய் எழுதி, ‘இது கமிட்டிக்கு மட்டும், ஊரில் யாருக்கும் தெரியாது’ என்று முடித்திருந்தார். நான் எழுந்து திரையை மூடச் சொன்னேன். கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு செயலாளர் ஹாஜியார் மெல்லக் கேட்டார்: “எல்லாம் சரி தம்பி. பெரிய பேங்க், பெரிய கம்பெனி என்றால் திருடன் வருவான். நம்முடைய சின்ன மதரஸாவைத் தேடி எவன் வரப் போகிறான்?” அவர் கேட்டது பலர் மனத்திலும் இருந்த கேள்விதான். அதற்குப் பதிலாக என் மாணவர் இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்.

தொலைபேசி, இணைய இணைப்பு ஆகியவற்றை வழங்கும் டாக்டாக் என்னும் நிறுவனம் அங்கே புகழ் பெற்றது. 2015ஆம் ஆண்டு அக்டோபரில், இதே முறையில் அதன் ஏட்டறைக்குள் புகுந்தார்கள். 1,56,959 வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி, தொலைபேசி எண் முதலியவை களவு போயின. அவர்களுள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் உடன் போயின. எந்த வழியாகப் புகுந்தார்கள் தெரியுமா? நிறுவனத்தின் முதன்மைத் தளம் வழியாக அன்று. 2009ஆம் ஆண்டு டிஸ்காலி என்னும் வேறொரு நிறுவனத்தின் பிரிட்டன் வணிகத்தை டாக்டாக் வாங்கியபோது, அதனோடு சேர்ந்து வந்த சில பழைய பக்கங்கள் கவனிப்பாரற்று இணையத்தில் கிடந்தன. அவற்றின் வழியாகவே புகுந்தார்கள். அங்கிருந்த தரவுத்தள மென்பொருளும் காலாவதியானது. அதிலிருந்த ஒரு குறைக்குத் திருத்தம் 2012லேயே வெளிவந்தும் போடப்படவில்லை. அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் இதே வகைத் தாக்குதல்கள் நடந்திருந்தும் கண்டுகொள்ளப்படவில்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

இவ்வழக்கில் சிக்கியவர்களுள் ஒருவன், சம்பவத்தின்போது 16 வயதுச் சிறுவன். தளங்களின் பலவீனத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் ஆயத்த மென்பொருளைப் பயன்படுத்தியவன். நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்வதற்காகச் செய்ததாக அவன் நீதிமன்றத்தில் கூறினான்.

“ஹாஜியார், பார்த்தீர்களா? அந்த மென்பொருளுக்குப் பெரிய கம்பெனி, சின்ன மதரஸா என்ற பேதம் கிடையாது. தெருவில் எல்லாக் கதவையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும். எது திறக்கிறதோ அதுதான் அதற்கு வீடு” என்று என் மாணவர் முடித்தார். செயலாளர் மறுபேச்சுப் பேசவில்லை. சேர்க்கைப் பகுதியை அன்றைக்கே மூடிவிடுவது என்று கமிட்டி தீர்மானித்தது.

இனி பரிகாரத்திற்கு வருவோம். இங்கேதான் என் மனம் தானாகவே நஹ்வு வகுப்புக்குச் சென்றது.

அரபி இலக்கணத்தில் ஸைத், அம்ர் என்னும் இருவர் எல்லா எடுத்துக்காட்டுகளிலும் வருவார்கள். “ஸைத் சொன்னான்: அம்ரை அடி” என்று ஒரு வாக்கியம் இருந்தால், அதைக் கேட்ட மாணவன் எழுந்து போய் அம்ரை அடிப்பதில்லை. ஏன்? ‘அம்ரை அடி’ என்பது தன்னளவில் கட்டளை வாக்கியமே. ஆனால் ‘சொன்னான்’ என்னும் வினைக்குப் பின் வந்துவிட்டதால் அது மகூலுல் கவ்ல், அதாவது சொல்லப்பட்ட சொல் ஆகிவிடுகிறது. அதற்குள் எத்தனை கட்டளைகள் இருந்தாலும், எத்தனை பக்கம் நீண்டாலும், இலக்கணம் அதனை ஒரே பொருளாகக் கட்டி, செயப்படுபொருளின் இடத்தில் வைத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் கட்டளைக்கு வெளியே அதிகாரம் இல்லை. தமிழில் இந்த வேலையை ‘என்று’ என்னும் சிறு சொல் செய்கிறது. “அம்ரை அடி என்று ஸைத் சொன்னான்” என்றதும் அந்தக் கட்டளை அடங்கிவிடுகிறது. வஞ்சகன் செய்வதெல்லாம், நாம் போட வேண்டிய ‘என்று’ என்பதைத் தானே முந்திக்கொண்டு போட்டுவிடுவதுதான்.

ஆகவே பரிகாரம், வெளியார் சொல்லையும் நம் கட்டளையையும் ஒரே தாளில் கலக்காமல் இருப்பது. எழுத்தர் இனி இரண்டு தாள்களை அனுப்புவார். முதல் தாளில், ‘உறைக்குள் இருக்கும் பெயருடைய மாணவரின் ஏட்டைக் கொடு’ என்று மட்டும் இருக்கும். காவலர் அதை வாசித்து, செய்ய வேண்டிய வேலை இன்னது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வார். அதன்பிறகே ஒட்டிய உறை அவரிடம் வரும். உறைக்குள் என்ன இருந்தாலும் அது பெயர் மட்டுமே. வஞ்சகன் எழுதிய அந்த நீண்ட வாசகம் உள்ளே இருந்தால், அத்தனை நீளமான பெயருடைய மாணவர் யாரேனும் உண்டா என்று தேடிப் பார்த்து, ‘இல்லை’ என்று திரும்பி விடுவார். மஸ்ஊதின் பெயர் ஐன் குறியோடு வந்தால், அதே குறியோடு பத்திரமாகப் பதிந்துகொள்வார்.

மென்பொருள் எழுதுவோர் இதனைப் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்கிறார்கள். முன்கூட்டியே ஆயத்தம் செய்த வாக்கியம் என்று பொருள் கொள்ளலாம். வாக்கியத்தில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் இட்டுவைத்து, பெயரைத் தனியே அனுப்புவது இதன் வழக்கம். ஜாவா மொழியில் இவ்வசதி 1997லேயே வந்துவிட்டது. நம்மூர்த் தளங்கள் பலவற்றுக்கு அடிப்படையான பி.எச்.பி. மொழியிலும் பல்லாண்டுகளாக இருக்கிறது. இத்தாக்குதலை ஜெஃப் ஃபாரிஸ்டல் என்பவர் ஃப்ராக் என்னும் மின்னிதழில் முதன்முதலாகப் பகிரங்கமாக விவரித்ததோ 1998ஆம் ஆண்டு டிசம்பரில். நோய் ஊரறிய வெளிப்படும் முன்பே மருந்து கடைக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில், மூவ்இட் என்னும் கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இதே ஓட்டையின் வழியாக உலகெங்கும் பல நிறுவனங்களின் தகவல்கள் களவாடப்பட்டன. அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையும் எஃப்.பி.ஐ.யும் 2024ஆம் ஆண்டு மார்ச்சில் விடுத்த கூட்டறிக்கையில், இந்த வகைக் குறை 2007 முதலே ‘மன்னிக்க முடியாதது’ என்று கருதப்பட்டு வருவதை நினைவூட்ட வேண்டியிருந்தது.

மருந்தை அருந்தும் முறையும் சரியாக இருக்க வேண்டும். உறையைக் கிழித்து, உள்ளே இருப்பதைக் கட்டளைத் தாளிலேயே ஒட்டி அனுப்பிவிட்டு, நாங்கள் உறை பயன்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் தளங்களும் உண்டாம். மேலும், அட்டவணையின் பெயர், எந்த வரிசையில் அடுக்குவது என்பன போன்றவற்றை உறையில் வைத்து அனுப்ப இயலாது. அங்கே, பெயர் வரிசை, தேதி வரிசை என்று நாமே குறித்து வைத்த பட்டியலில் உள்ளவற்றை மட்டும் ஏற்க வேண்டும்; மற்ற எதையும் ஏற்கக்கூடாது.

இதற்கு மேலும் சில காவல்கள் வேண்டும். தளத்தின் எழுத்தருக்கு ஏட்டறையின் எல்லாச் சாவிகளையும் கொடுக்கக்கூடாது. விண்ணப்பம் சேர்க்கும் பக்கத்திற்குச் சேர்க்கும் அதிகாரம் போதும், அழிக்கும் அதிகாரம் எதற்கு? பிழை நேர்ந்தால் அதன் விவரத்தை வெளியாருக்குக் காட்டக்கூடாது. எங்கள் தளம் தன் அட்டவணையின் பெயரையே திரையில் அச்சிட்டுக் காட்டியது, இது திருடனுக்கு வீட்டு வரைபடத்தைக் கொடுப்பதற்குச் சமம். கடவுச்சொற்களை உள்ளபடியே எழுதி வைக்காமல், மீட்டெடுக்க இயலாத வடிவத்தில் உருமாற்றி வைக்க வேண்டும். மென்பொருளுக்குத் திருத்தங்கள் வந்தவுடன் போட வேண்டும். எண் கேட்கும் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்காதிருப்பதும் நல்லதே. ஆனால் இவை யாவும் வேலியும் காவலும் போன்றவை. இவற்றை நம்பி பூட்டைச் சரிசெய்யாமல் விடக்கூடாது.

எங்கள் தளத்தைத் திருத்த ஏழு வாரங்கள் பிடித்தன. கட்டளைகள் ஒவ்வொன்றையும் தேடி மாற்றி எழுத வேண்டியிருந்தது. செலவும் ஆயிற்று. அந்த ஆண்டுச் சேர்க்கை பழையபடி காகிதத்திலேயே நடந்தது. வெளியூர்த் தாய்மார்கள் மீண்டும் பேருந்து ஏறி வந்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். அதற்கு முன் எவனாவது உள்ளே வந்து எடுத்துச் சென்றிருந்தானா என்று அறிய, வந்துபோனவர்களின் பதிவைத் தேடினோம். அப்படியொரு பதிவைத் தளம் வைத்திருக்கவே இல்லை. ஏடு களவு போனால் பீரோவில் அதன் இடம் காலியாக இருக்கும். தரவு களவு போனாலோ, எல்லாம் வைத்தது வைத்தபடியே இருக்கும். இந்த நிம்மதியின்மை இன்றும் என்னை விட்டு அகலவில்லை. இப்போது வருகைப் பதிவு வைக்கப்படுகிறது. உதவி கோருவதற்கான காரணத்தை, முடிவு எடுக்கப்பட்டதும் தளத்திலிருந்து நீக்கிவிடுகிறோம். நம்மிடம் இல்லாத ஒன்றை யாரும் நம்மிடமிருந்து திருட முடியாது.

அன்பு வாசகர்களே! இன்று மஹல்லா ஜமாஅத்துகள் திருமணப் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றுகின்றன. வரன் தேடும் தளங்களில் நம் பெண்மக்களின் புகைப்படமும் முகவரியும் இருக்கின்றன. பள்ளிகள், மருத்துவமனைகள், அறக்கட்டளைகள் அனைத்தும் கட்டங்களை நிரப்பச் சொல்கின்றன. நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் தளம் அமைத்துத் தருபவரிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். வெளியார் எழுதுவதையும் கட்டளையையும் எல்லாப் பக்கங்களிலும் தனித்தனியே அனுப்புகிறீர்களா? ஏட்டறையின் எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது? கைவிடப்பட்ட பழைய பக்கங்கள் ஏதேனும் இன்னும் திறந்து கிடக்கின்றனவா? வந்து போனவர்களின் பதிவு இருக்கிறதா? எங்கள் அனுமதியோடு வேறொருவரைக் கொண்டு சோதிக்கச் சம்மதமா? இவற்றைக் கேட்கக் கணிப்பொறி ஞானம் தேவையில்லை, பொறுப்புணர்ச்சி போதும். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் நம் மக்களின் அந்தரங்கத்தை ஒப்படைக்காதீர்கள். 2023ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றம் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

சட்டத்திற்கு அஞ்சியே இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. ‘ஊரில் யாருக்கும் தெரியாது’ என்று எழுதிய அந்தத் தாய், எங்கள் தளத்தின் பூட்டைச் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதவில்லை. எங்களை நம்பி எழுதினார். பூட்டைச் சோதிப்பது அவருடைய வேலையும் அன்று. அது நம்முடைய வேலை.